தூக்கும்போது இலேசு, ஓடும்போது பாரம்: என் மனசில் இருக்கும் மரக்கடைசல் லேத்

தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கொழும்பில் ஒரு தளபாடப் பட்டறையில் ஏழு வருசம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டேன். தோட்டத்தில் கிடைத்த 7 பேர்ச் காணியில், வீட்டோடு ஒட்டி ஒரு பத்தி இறக்கி, மரத்தைச் சுழலவிட்டு உளியால் கடைகிற லேத் ஒன்று போடலாம் என்று யோசனை. காசையும் இடத்தையும் மறந்துவிட்டுச் சொல்லுங்கள். மரம் கடைய ஒரு குறையும் இல்லாத லேத் என்றால் அது எப்படி இருக்கும்?"

காசை மறந்துவிடலாம் தம்பி. இடத்தை மறக்க முடியாது. லேத் நிற்கிற தரை, அதற்குப் போகிற வழி, அங்கே வருகிற கரண்ட், பக்கத்து வீட்டுக்காரர் தூங்குகிற நேரம், இத்தனையும் சேர்ந்ததுதான் லேத். வெளிநாட்டுக்காரர்கள் கனவு லேத் என்று படம் போடுவார்கள். 300 கிலோ வார்ப்பிரும்பு இருக்கும், 24 அங்குலக் கிண்ணம் கடையும், அகலக் கதவு வழியாக ஃபோர்க்லிஃப்டில் வந்து இறங்கும். நல்ல சாமான்தான். நம்ம பக்கம் வந்தால் அது ரோட்டோரத்திலேயே நின்று துருப்பிடிக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ஃபிட்டருக்குக் கையாளாகச் சேர்ந்து தொழில் பழகியவன். சேமலாப நிதிக் காசு வந்ததும் பழைய வார்ப்பிரும்பு லேத் ஒன்றை வாங்கினேன். லொறி லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகள் வரைக்கும் வராது. ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு 140 படி. ஆறு பேர், இரண்டு மூங்கில், ஒரு வடம். பாதி வழியில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. லேத்தின் பெட், அதாவது மற்ற உறுப்பெல்லாம் நிற்கிற நீள அடிச்சட்டம், போய் வடிகால் கானுக்குள் விழுந்தது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, வெடித்துவிடும். பித்தளை வைத்து ஒட்டிப் பார்த்தோம். அதற்குப் பிறகு, மரத்தைச் சுழற்றுகிற ஹெட்ஸ்டொக்கின் முனையும் மறு கோடியைத் தாங்குகிற டெயில்ஸ்டொக்கின் முனையும் ஒரு நாளும் நேருக்கு நேர் சந்திக்கவில்லை. கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஒன்று கிழக்கே பார்க்கும், ஒன்று மேற்கே பார்க்கும்.

அந்தச் சூட்டில் அடுத்ததாக மேசை மேல் வைக்கிற சின்ன லேத் வாங்கினேன். 35 கிலோ. மருமகன் ஒருவரே தோளில் வைத்துத் தூக்கி வந்துவிட்டார். முதல் நாளே பச்சைப் பலாக் கட்டை ஒன்றை மாட்டி ஓடவிட்டேன். மேசையோடு சேர்த்து லேத் வாசல் வரைக்கும் நடந்துபோனது.

ஏன் நடந்தது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அங்குல அகலத்தில் 4 கிலோ கட்டை. அதன் பாரம் நடுவிலிருந்து 5 மில்லிமீட்டர் ஒதுங்கியிருக்கிறது. கோடாலியால் மூலை தட்டிய கட்டைக்கு அவ்வளவு கோணல் சாதாரணம். அதை நிமிடத்துக்கு 800 சுற்றில் விட்டால், அது லேத்தை ஏறக்குறைய 14 கிலோ பலத்தோடு இழுக்கும். ஒரு பக்கமாக இழுத்தால் பரவாயில்லை. விநாடிக்கு 13 தடவை மேலும் கீழும், முன்னும் பின்னுமாகச் சுற்றிச் சுற்றி இழுக்கும். சுற்றை இரண்டு மடங்காக்கினால் இழுவை நான்கு மடங்கு, அதாவது 56 கிலோ. 35 கிலோ சாமான் நடக்காமல் என்ன செய்யும்? ஆடுகிற லேத்தில் எவ்வளவு கூர்மையான உளி வைத்தாலும் மரத்தில் அலை அலையாகத்தான் தடம் விழும். கடைசலில் ஆளின் கைக்கு அடுத்தபடி முக்கியம் பாரம்தான். மோட்டருக்கு அதற்குப் பிறகுதான் இடம்.

ஆகவே நம்ம மலைக்கு வேண்டியது, படி ஏறும்போது இலேசாகவும் நின்ற பிறகு பாரமாகவும் இருக்கிற லேத். இரண்டும் எப்படி ஒன்றாக வரும்? எலும்பை மட்டும் கீழேயிருந்து தூக்கி வருவோம், சதையை ஊரிலேயே போட்டுக்கொள்வோம்.

என் மனசில் இருக்கிற லேத்தின் பெட் இரண்டு இரும்புப் பெட்டிக் குழாய். 100க்கு 50 மில்லிமீட்டர், தகடு 5 மில்லிமீட்டர் கனம், நாலு அடிக்குக் கொஞ்சம் கூட நீளம். ஒன்று 14 கிலோவுக்கு மேல் போகாது. மேல் முகத்தை மட்டும் கொழும்பிலோ கண்டியிலோ மில்லிங் பட்டறையில் கொடுத்து மட்டமாகச் சீவி எடுக்க வேண்டும், காசு போனாலும் பரவாயில்லை. ஹெட்ஸ்டொக் 25 கிலோ, மோட்டர் 15 கிலோ அளவில். கால்கள் தனி, டெயில்ஸ்டொக் தனி. எந்தத் துண்டும் ஒரு ஆள் கொழுந்துக் கூடை மாதிரி முதுகில் ஏற்றிக்கொள்கிற அளவைத் தாண்டக் கூடாது. மேலே கொண்டுவந்து போல்ட் போட்டு இறுக்கிய பிறகு, குழாய்க்குள் காய்ந்த மணலைக் கொட்டித் தட்டித் தட்டி நிரப்பி மூடிவிட வேண்டும். கால்களுக்கு நடுவில் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், அரை அடி ஆழத்தில் ஒரு பலகைத் தொட்டி. அதிலும் மணல். அந்தத் தொட்டி மட்டும் 100 கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும். மணலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அதிர்வு வந்தால் மணி மணியாக ஒன்றோடொன்று உரசி அதைத் தின்றுவிடும். கொங்கிரீட்டும் பாரம் தரும். ஆனால் நாளைக்கு வீடு மாறினால் அதை உடைக்கத்தான் வேண்டும், மணலைக் கொட்டிவிட்டுப் போகலாம். மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஈர மணல் உள்ளேயிருந்தே இரும்பை அரித்துவிடும். எங்கள் பக்கத்து மழைக்கு அடுப்பு மேல் தகரம் வைத்து வறுத்துத்தான் காயவைத்தேன். வீட்டுக்காரி, "மணலுக்கு உப்பு, உறைப்பு போதுமா?" என்று கேட்டாள்.

கால்கள் மூன்று போதும். ஹெட்ஸ்டொக் பக்கம் இரண்டு, டெயில்ஸ்டொக் பக்கம் ஒன்று. நாலு கால் சாமானை மண் தரையிலும் உடைந்த சிமெந்துத் தரையிலும் மட்டம் பிடிக்கிறது பெரிய ரோதனை, எப்போதும் ஒரு கால் தூக்கிக்கொண்டே நிற்கும். மூன்று கால் எந்தத் தரையிலும் உட்கார்ந்துவிடும். பாரமும் இழுவையும் ஹெட்ஸ்டொக் பக்கம்தான் என்பதால் அங்கே இரண்டு கால் அகட்டி நின்றால் போதும். பத்திக்குப் புதிதாகத் தரை போடுகிறீர்கள் என்றால், அந்த மூன்று இடத்தில் மட்டும் குழி தோண்டிக் கொங்கிரீட் போட்டு போல்ட் புதைத்துவிடுங்கள்.

உயரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுழலும் தண்டின் நடு, கடைகிறவருடைய முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். 5 அடி 3 அங்குல ஆளுக்கு அது 39, 40 அங்குலம் வரும். இறக்குமதி லேத் அநேகமாக ஆறடி ஆளுக்குச் செய்தது, நாம் பலகை போட்டு ஏறி நிற்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் நானும் கடைகிறேன், என் மகளும் கடைகிறாள். அவள் என்னை விட அரைச் சாண் குட்டை. ஆகவே கால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கத் துளை வைத்திருக்க வேண்டும்.

இனிக் கரண்ட். அதற்கு முன்னால் ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச ஆசை. தயிர் கடைகிறோம், கீரை கடைகிறோம், மரமும் கடைகிறோம். மூன்றுக்கும் ஒரே சொல் ஏன்? மத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தால் ஒரு பக்கம் சுற்றும், விட்டு மறு கையால் இழுத்தால் மறு பக்கம் சுற்றும். பழைய கடைசல் பட்டறையும் அதேதான். மரத்தில் கயிறு சுற்றி ஒருவர் இழுக்க, இன்னொருவர் உளி பிடிப்பார். மரம் முன்னால் வரும்போது மட்டும் வெட்டும், திரும்பும்போது உளியைப் பின்வாங்க வேண்டும். எகிப்தில் கிறிஸ்துவுக்கு முன் 300ஆம் ஆண்டளவில் பெட்டோசிரிஸ் என்பவருடைய கல்லறைச் சுவரில் இப்படி ஒருவர் கயிறு இழுக்க ஒருவர் கடைகிற சித்திரம் இருக்கிறது. நம் பாஷை அந்தப் பட்டறையை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறது.

இதைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது பட்டறை செத்துக் கிடந்தது. பழைய தையல் மெஷின் ஸ்டாண்ட் ஒன்றைக் கொண்டுவந்து பட்டி மாட்டி மிதித்துப் பார்த்தேன். ஆள் நிதானமாக மிதித்தால் தொடர்ந்து 75 வாட் அளவு தரலாம், ஒரு குதிரை வலுவில் பத்தில் ஒரு பங்கு. அதில் கிண்ணம் கடைய முடியாது. பம்பரம், கவ்வாத்துக் கத்திப் பிடி, மத்து, சப்பாத்திக் கட்டை எல்லாம் தாராளமாக வந்தன. ஆகவே என் லேத்தின் தண்டுக்குப் பின்பக்கம், மோட்டர் பட்டிக்குப் பக்கத்தில், மிதி பட்டிக்கென்று இன்னொரு கப்பி கட்டாயம் இருக்கும். மிதிச் சக்கரம் மட்டும் பாரமாக இருக்கட்டும். தையல் மெஷின் சக்கரம் இலேசு, உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் நின்றுவிடுகிறது.

மோட்டர் ஒன்றரைக் குதிரை வலு, மூன்று பேஸ், 4 போல். நம்ம 50 ஹேர்ட்ஸ் கரண்டில் 1440 சுற்று வரும். வீட்டுக்கு ஒரு பேஸ்தானே வருகிறது என்பீர்கள். நடுவில் ஒரு இன்வேர்ட்டர் டிரைவ் வைத்தால் 230 வோல்ட் ஒரு பேஸை வாங்கி மூன்று பேஸாக்கிக் கொடுக்கும், வேகத்தையும் குமிழ் திருப்பிக் கூட்டிக் குறைக்கலாம். மோட்டரின் தகட்டில் 230/400 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, டெல்டா முறையில் கம்பி கட்ட வேண்டும். ஸ்டார் முறையில் கட்டிவிட்டு மோட்டரில் பலம் இல்லை என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டிரைவில் நம்ம லயத்துக்கு இன்னொரு நன்மை. மோட்டரை நேராகக் கரண்டில் போட்டால் கிளம்பும்போது ஓடுகிற அளவைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், வரிசையில் எல்லா வீட்டு பல்பும் ஒரு தரம் மங்கும். பின்னேரம் நாடகம் ஓடுகிற நேரத்தில் அப்படி ஒரு தடவை செய்து பாருங்கள், யார் யாருக்கு என்ன கோபம் என்று தெரிந்துவிடும். டிரைவ் மெல்லக் கிளப்பும்.

ஆனால் டிரைவ் இருக்கிறதே என்று, சின்னதும் பெரிதுமாக அடுக்கிய கப்பிப் படிகளை எறிந்துவிடாதீர்கள். விளம்பரத்தில் சொல்லாத விசயம் இது. 50 ஹேர்ட்ஸுக்குக் கீழே இறக்க இறக்க மோட்டரின் முறுக்கு அதேபோல் இருந்தாலும் வலு குறைந்துகொண்டே போகும். 10 ஹேர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். மோட்டரின் சொந்த விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு வெளியே போகாது. பெரிய கிண்ணத்துக்கு மெதுவான வேகமும் வேண்டும், பலமும் வேண்டும். அதற்குப் பட்டியை, சுழலும் தண்டில் இருக்கிற சின்னக் கப்பியிலிருந்து பெரிய கப்பிக்கு மாற்றுவதுதான் வழி. மூன்று படி போதும். ஸ்டோரில் லைன் ஷாஃப்ட் ஓடிய காலத்தில், ஒரே தண்டிலிருந்து ரோலருக்கு ஒரு வேகம், சல்லடைக்கு ஒரு வேகம் என்று கப்பி அளவை வைத்தே பிரித்துக் கொடுத்தார்கள். அந்த வித்தை பழசாகவில்லை.

வேகத்துக்குக் கைக்கணக்கு ஒன்று சொல்கிறேன். அங்குலத்தில் அகலத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் வர வேண்டும். 10 அங்குலத்துக்கு 600 முதல் 900. கோணல் கட்டை என்றால் அதற்கும் கீழேயிருந்து தொடங்குங்கள். 12 அங்குலக் கட்டையை 1000 சுற்றில் விட்டால் அதன் விளிம்பு மணிக்கு 57 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கினிகத்தேனை இறக்கத்தில் பஸ் அந்த வேகத்தில் வந்தால் நாம் எல்லோரும் சாமி கும்பிடுவோம்.

ஹெட்ஸ்டொக்குக்கு வருவோம். முன் பேரிங் 6208, பின் பேரிங் 6206, நடுவில் ஒரு சாண் இடைவெளி. இதைவிட உயர்ந்த பேரிங் இல்லையா என்றால் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டும் மோட்டர் கட்டுகிற கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை. பேரிங் போன அன்றைக்கே பஸ் ஏறி வாங்கி வந்து மாட்ட முடிகிற லேத்தை, கப்பலில் சாமான் வரும் வரை ஆறு மாதம் மூடி வைத்திருக்கிற லேத்தோடு நான் ஒப்பிட மாட்டேன். தண்டின் உள்துளை 2ஆம் இலக்க மோர்ஸ் டேப்பர் என்கிற கூம்பு அளவு, வெளி மரை எம்33, அதாவது 33 மில்லிமீட்டர். இந்த இரண்டு அளவுக்கும் மரத்தைப் பிடிக்கிற சக்கும் முனையும் உலகம் முழுக்கச் செய்கிறார்கள். சொந்தமாக ஒரு மரை வெட்டிக்கொள்கிற புத்திசாலித்தனம் மட்டும் வேண்டாம்.

ஹெட்ஸ்டொக் பெட் மேல் வலது கோடி வரைக்கும் நகர வேண்டும். இது எனக்குப் பெரிய ஆசை, காரணம் உடுக்கை. காமன் கூத்து வருகிற மாசியில் உடுக்கை கேட்டு ஆட்கள் வருவார்கள். வெளிப்பக்கம் இடுப்பு ஒடுங்கக் கடைவது பெரிய காரியமில்லை. உள்ளே குடைவதுதான் வேலை. பெட்டுக்குக் குறுக்கே இடுப்பை வளைத்துக்கொண்டு குடைந்தால் அன்றிரவு படுக்க முடியாது. ஹெட்ஸ்டொக்கைக் கோடிக்கு நகர்த்தி, டெயில்ஸ்டொக்கைக் கழற்றி வைத்துவிட்டால், பெட்டின் முனையில் நேராக நின்று துளையைப் பார்த்தபடி குடையலாம். தண்டின் மறுபக்கத்தில், இடது கைப் பக்கம், பெரிய கட்டை மாட்டுகிற லேத்தும் உண்டு. அதற்கு இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டும். 10க்கு 12 அடிக் காம்பராவில் இடது பக்கம் சுவர்தான் நிற்கும்.

பெட்டுக்கு மேல் 12 அங்குல அகலம், இரண்டு முனைக்கும் நடுவில் 36 அங்குலம். கட்டில் கால், தொட்டில் கால், படிக் கைப்பிடிக் கால் எல்லாம் அதற்குள் அடங்கும். டெயில்ஸ்டொக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கைச்சக்கரத்தைப் பின்னால் திருப்பினால் முனை தானாக வெளியே விழ வேண்டும், நடுவில் துளை வேண்டும், அவ்வளவுதான். உளியைத் தாங்குகிற டூல் ரெஸ்டின் மேல் விளிம்பில் கடினமான உருண்டைக் கம்பி ஒன்றை ஒட்டிவிடுங்கள். மெல்லிரும்பு விளிம்பில் உளி பள்ளம் போடும், அந்தப் பள்ளமெல்லாம் மரத்தில் தெரியும்.

எந்த மரத்துக்கு லேத் என்றும் யோசிக்க வேண்டும். நம்மிடம் கிடைப்பது தேயிலை மலையில் நிழலுக்கு வைத்த சவுக்கு, அதாவது சில்வர் ஓக், சிங்களத்தில் சபுக்கு என்பார்களே, அது. நடுவை நோக்கிச் சரியாகப் பிளந்தால் மீன் செதில் மாதிரிப் பூ விழும், அவ்வளவு அழகு. ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், முழுக்கைச் சட்டையும் முகமூடியும் வேண்டும். பலா, கடைந்த அன்று மஞ்சள், வருசம் போகப் போகத் தேன் நிறம், அப்புறம் கபிலம். ஈரப் பலாச் சுருளை இரும்பு பெட் மேல் இரவில் விட்டுவைத்தால் காலையில் கறுப்பாகக் கறை பிடித்திருக்கும். வேலை முடிந்ததும் துடைத்து மெழுகு பூசுங்கள். பலா மரத்தை வெட்ட அனுமதி எடுக்க வேண்டும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது தேயிலைக் கட்டை. விதையில் வளர்ந்த பழைய தேயிலையைப் பிடுங்கி, வீபீ என்கிற, கிளைத்துண்டில் வளர்த்த கன்று நடுகிற இடத்தில் அடிமூடுகள் விறகுக்குப் போகும். நம்ம பாட்டிமார் கொழுந்து பறித்த செடி அது. கட்டை சின்னது, கல் மாதிரி இறுக்கம், சந்தனம் போல மழமழவென்று மெருகு ஏறும். வேருக்குள் கல்லை விழுங்கி வைத்திருக்கும் என்பதுதான் ஆபத்து. கம்பித் தூரிகையால் தேய்த்து, கழுவி, தட்டிப் பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும். இதற்குத்தான் குமிழ் திருப்பி 300 சுற்றுக்கு இறக்க முடிகிற லேத் கேட்கிறேன்.

வேகமே தேவைப்படாத அழகும் ஒன்று உண்டு, அது அரக்கு வேலை. மாத்தளைப் பக்கம் ஹபுவிடவில் அரக்கு வேலை செய்கிறவர்களைப் போய்ப் பாருங்கள். சூடுகாட்டிய அரக்கை நூலாக இழுத்து, விரல் நகத்தாலேயே பூவும் கொடியும் வைப்பார்கள். அந்த நகவேலையை ஒரு தடவை பார்த்தவர் லேத்தின் குதிரை வலுவைப் பற்றிப் பெருமை பேச மாட்டார்.

காய வைப்பதில் நம்ம குளிருக்கு ஒரு தனிச் சங்கடம். காற்றில் ஈரம் 80 சதவீதம் இருந்தால் மரம் எத்தனை வருசம் கிடந்தாலும் 16 சதவீத ஈரத்தோடுதான் நிற்கும். நுவரெலியாவில் காய்ந்தது என்று நினைத்துக் கடைந்த கிண்ணத்தை மச்சான் டுபாய்க்குக் கொண்டுபோய் ஏசி அறையில் வைத்தால் வெடிக்கும். எனக்கு அப்படி ஒரு படம் வந்தது, கீழே அழுகிற பொம்மை வேறு. அகலத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டு முதலில் கரடாகக் கடைந்து, கடதாசிப் பையில் சுற்றி அடுப்படிப் பரணில் மாதக் கணக்கில் வையுங்கள், பிறகு இரண்டாம் தரம் கடையுங்கள். ஆகவே பட்டறைக்குப் பக்கத்தில் பரண் ஒன்றும் அந்தக் கனவு லேத்தின் உறுப்புதான்.

உளி விசயத்தில் மட்டும் ஊர்ச் சாமானை நம்பாதீர்கள். பழைய அரத்தைத் தீட்டி உளியாக்குவது நம்ம வழக்கம். அரம் கண்ணாடி மாதிரி, மரம் ஒரு தரம் பிடித்து இழுத்தால் முறிந்து பறக்கும். என் இடது புருவத்தில் இருக்கிற தழும்பு அப்படி வந்தது. லொறி ஸ்பிரிங் பட்டையில் அடித்த உளி முறியாது, ஆனால் கல்லில் தீட்டும்போது நீலம் பாய்ந்தால் கூர் செத்துவிடும். அதிவேக எஃகு சிவக்கப் போகிற சூடு வரைக்கும் தாங்கும். ஒரு நல்ல குழி உளி வாங்குகிற காசுக்கு மோட்டரில் அரைக் குதிரை குறைத்துக்கொண்டாலும் நட்டமில்லை.

நிறுத்துகிற சுவிட்ச் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தால் போதாது, முழங்காலால் தள்ளினாலே நிற்கிற மாதிரி நீளப் பட்டையாக இருக்க வேண்டும். கை இரண்டும் உளியில் இருக்கும்போதுதானே அவசரம் வரும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் லேத் தானாகக் கிளம்பக் கூடாது, டிரைவில் அதற்கு ஒரு அமைப்பு உண்டு, முதல் நாளே போட்டுவிடுங்கள். சாரத்தோடு லேத் முன்னால் நிற்காதீர்கள். கோயில் கயிறும் ஐயப்பன் மாலையும் சட்டைக்குள் போகட்டும், இல்லாவிட்டால் கழற்றிச் சாமி படத்தடியில் வையுங்கள், சாமி கோபிக்காது. கண்ணாடி போதாது, முழு முகத்தையும் மூடுகிற கவசம் வேண்டும்.

படம் வரையத் தொடங்குவதற்கு முன் மூன்று அளவு எடுத்து எழுதுங்கள் தம்பி: உங்கள் முழங்கை உயரம், பத்தியின் வாசல் அகலம், ரோட்டிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி. வாசலோ வழியோ மிகக் குறுகல் என்றால் மணல் தொட்டியை இரண்டாகப் பிரித்துச் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு ஒரு மூட்டு முறை என்னிடம் இருக்கிறது, அளவு வந்ததும் வரைந்து அனுப்புகிறேன்.